அவார்டு கைக்கு வந்த தேதி என்ன? – வாசகர் கேள்வி பதில்

வியாபாரத் தகராறுகளில் நடுவர் கொடுக்கும் தீர்ப்பைப் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். கோர்ட்டு வட்டாரத்தில் எல்லோரும் சொல்வதுபோல் ‘அவார்டு’ என்றே எழுதுகிறோம். பதில்கள் பொதுவானவை. உங்கள் காகிதங்களை ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டு அடுத்த அடி வையுங்கள்.

கேள்வி: வில்லியனூரில் கம்பி, சிமென்ட் மொத்த வியாபாரம் செய்கிறேன். ஒரு கட்டுமான நிறுவனம் 14 லட்சம் பாக்கி வைத்தது. ஒப்பந்தப்படி புதுச்சேரியிலேயே நடுவர் முன்னால் வழக்கு நடந்தது. அசல் 14 லட்சம், அதுவரைக்குமான வட்டி 4 லட்சம், இனி 12 சதவீத வட்டி என்று அவார்டு வந்திருக்கிறது. “இதைக் கோர்ட்டில் கன்ஃபர்ம் பண்ணினால்தான் செல்லும்” என்கிறார் எங்கள் கணக்கர். உண்மையா?

இப்போது அப்படி இல்லை. 1940-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தவரை அவார்டைக் கோர்ட்டில் தாக்கல் செய்து, கோர்ட்டு அதன்படி டிக்ரி, அதாவது தீர்ப்பாணை, போட்ட பிறகே அதற்கு உயிர் வரும். உங்கள் கணக்கர் அந்த நாள் பழக்கத்தைச் சொல்கிறார். 1996-ஆம் ஆண்டு நடுவர் மற்றும் சமரசச் சட்டம் வந்ததும் அந்தப் படி எடுபட்டது. பிரிவு 36-இன்படி, எதிர்ப்பதற்கான கெடு முடிந்ததும் அவார்டு கோர்ட்டு டிக்ரி போலவே நிறைவேற்றப்படும். நீங்கள் நேராக நிறைவேற்று மனு, அதாவது இ.பி., போடலாம்.

அந்தக் கெடு எதிர்த்தரப்புக்குக் கையெழுத்திட்ட அவார்டுப் பிரதி கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். தக்க காரணம் காட்டினால் கோர்ட்டு மேலும் 30 நாள் வரை பொறுக்கலாம். அதனால் உங்கள் முதல் வேலை, அந்த நிறுவனத்துக்குப் பிரதி எந்தத் தேதியில் போய்ச் சேர்ந்தது என்பதற்குச் சான்று எடுப்பது. நடுவர் தபாலில் அனுப்பியிருந்தால் ஒப்புகை அட்டை, இல்லையென்றால் தபால் துறை டிராக்கிங் தாள். நேரில் கொடுத்திருந்தால் வாங்கியவரின் கையெழுத்தும் தேதியும். டிராக்கிங் விவரம் இணையத்தில் நெடுநாள் நிற்காது. இன்றே அச்செடுத்து வையுங்கள். பல இ.பி.க்கள் தடுமாறுவது இந்த ஒரு தாள் இல்லாமல்தான். எதிராளி “எனக்குப் பிரதியே வரவில்லை, கெடுவே தொடங்கவில்லை” என்பார், உங்களிடம் மறுக்க ஒன்றும் இருக்காது.

மூன்று மாதம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. அவார்டு வந்த பிறகும், அது நிறைவேறும் முன்பு, பிரிவு 9-இன்கீழ் இடைக்காலப் பாதுகாப்பு கேட்கலாம். மனையை விற்கப் பார்க்கிறார்கள், கணக்கைக் காலி செய்கிறார்கள் என்பதற்கு ஆதாரம் இருந்தால் போடுங்கள்: வில்லங்கச் சான்றில் புதிதாக ஏறிய அடமானம், விற்பனை விளம்பரம், திரும்பி வந்த காசோலை. வெறும் சந்தேகத்தை மட்டும் எழுதினால் தள்ளுபடியாகும்.

கூடவே கேவியட் மனு. எதிராளி தடை கேட்டால் உங்களைக் கேட்காமல் உத்தரவு போகாமலிருக்க அது உதவும். ஆனால் கேவியட்டின் ஆயுள் 90 நாள். மூன்று மாதமும் 30 நாளும் சேர்ந்தால் அதைத் தாண்டிவிடும். முதலாவது காலாவதியாகும் முன் இரண்டாவதைப் போட்டுவிடுங்கள்.

அவர்கள் பிரிவு 34-இல் எதிர்ப்பு மனு போட்டால்? 2015 அக்டோபர் 23-க்கு முன்பு மனு போட்டாலே அவார்டு தானாக முடங்கும். இப்போது முடங்காது. தனியாகத் தடை மனு போட வேண்டும். பண அவார்டு என்பதால், மேல்முறையீட்டில் டிக்ரிக்குத் தடை கேட்டால் என்ன அளவுகோலோ அதையே கோர்ட்டு பார்க்கும். பெரும்பாலும் தொகையையோ அதில் கணிசமான பங்கையோ கட்டச் சொல்லும். எத்தனை சதவீதம் என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே முழுத் தொகையையும் டெபாசிட் கேட்டே உங்கள் எதிருரையைத் தயாரியுங்கள். அவார்டோ அதற்கு அடிப்படையான ஒப்பந்தமோ மோசடியாலோ ஊழலாலோ வந்தது என்று மேலோட்டப் பார்வையிலேயே தெரிந்தால் மட்டும் நிபந்தனை இல்லாமல் தடை கொடுக்க வேண்டும். 2021-இல் சேர்த்த விதி இது.

இனி வட்டிக் கணக்கு. இ.பி. மனு ‘ரிட்டர்ன்’ ஆகத் தவறான கணக்கு ஒரு முக்கியக் காரணம். உங்கள் அவார்டில் 12 சதவீதம் 14 லட்சத்துக்கா, 18 லட்சத்துக்கா? அவார்டு வேறுமாதிரி சொல்லாவிட்டால் 18 லட்சத்துக்கு. அவார்டு வரைக்குமான வட்டியும் சேர்ந்ததுதான் ‘தொகை’ என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக ஆண்டுக்கு 2,16,000, மாதம் 18,000. பத்து மாதம் கழித்து எதிராளி 5 லட்சம் கட்டினால் முதலில் வட்டியான 1,80,000-ஐக் கழிக்க வேண்டும். மீதி 3,20,000-தான் தொகையில் கழியும். பாக்கி 14,80,000, அதற்கு அன்றிலிருந்து வட்டி. பலர் 5 லட்சத்தையும் அசலில் கழித்து 13 லட்சம் என்று எழுதித் தங்களுக்கே நட்டம் தேடிக்கொள்கிறார்கள்.

மனுவில் வைக்க வேண்டியவை: கையெழுத்திட்ட அசல் அவார்டு, நடுவர் ஷரத்து உள்ள ஒப்பந்தம், பிரதி சேர்ந்த சான்று, தடை ஏதும் இல்லை என்ற பிரமாண வாக்குமூலம், தேதிவாரியான வட்டிப் பட்டியல். அவார்டுக்கு முத்திரைத்தாள் வரி உண்டு. எதிர்ப்பு மனுக் கட்டத்தில் யாரும் கவனிக்காத இந்தக் குறை, நிறைவேற்றும் கட்டத்தில் எழுந்து நிற்கும். குறைவரியும் அபராதமும் கட்டிவிட்டு வரச் சொல்வார்கள். முதலிலேயே சரிபார்த்துவிடுங்கள்.

எதை ஜப்தி செய்வது? முதலில் வங்கிக் கணக்கு, அவர்களுக்குப் பிறர் தர வேண்டிய பணம். கட்டுமான நிறுவனம் என்றால் அரசுத் துறையிலோ தனியாரிடமோ பில் பாக்கி இருக்கும். அந்தத் துறையையே மூன்றாம் தரப்பாக இழுத்து, பணத்தைக் கோர்ட்டில் கட்டச் சொல்ல வழி இருக்கிறது. நிலம் பிறகுதான். ஏலம் வரை இழுக்கும், அதோடு நான்கெல்லை, சர்வே எண் தெளிவாக இல்லையென்றால் மனுவே திரும்பும். சொத்து என்ன இருக்கிறது என்றே தெரியவில்லையா? 30 நாளாகப் பணம் வரவில்லை என்று காட்டி, உரிமையியல் நடைமுறைச் சட்டம் ஆணை 21 விதி 41-இல் சொத்து விவரப் பிரமாண வாக்குமூலம் கேளுங்கள். கொடுக்க மறுத்தால் மூன்று மாதம் வரை சிவில் சிறை. நிறுவனம் என்றால் அதன் அதிகாரிதான் கையெழுத்திட வேண்டும். கண்டுகொள்ளாமல் இருந்தவர்கள் பேச வருவது பெரும்பாலும் இந்த நோட்டீசுக்குப் பிறகுதான்.

இ.பி.க்குக் கால வரம்பு 12 ஆண்டு. அதை நம்பி நாள் கடத்தாதீர்கள். சொத்து கைமாறும், நிறுவனம் திவாலாகும்.

கேள்வி: கடலூரில் எங்களுக்கு எதிராக அவார்டு. மூன்று மாதம் என்றால் 90 நாளா? மே மாதம் கோர்ட்டு விடுமுறையாயிற்றே, அந்த நாட்கள் கழியுமா?

90 நாள் இல்லை, நாட்காட்டி மாதம் மூன்று. பிரதி கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ணுங்கள். விடுமுறை விஷயத்தில் பலர் வழுக்கி விழுகிறார்கள், அதனால் இரண்டு தேதிகளை வைத்துப் பாருங்கள்.

பிப்ரவரி 20 அன்று பிரதி கிடைத்தது. மூன்று மாதம் மே 20-இல் முடிகிறது, அன்று கோடை விடுமுறை. கோர்ட்டு திறக்கும் முதல் நாளே மனு போட்டால் கெடுவுக்குள் போட்டதாகவே கொள்ளப்படும். மறுநாள் போட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

ஜனவரி 20 அன்று கிடைத்தது. மூன்று மாதம் ஏப்ரல் 20-இல் முடிந்துவிட்டது, அன்று கோர்ட்டு திறந்துதான் இருந்தது. சலுகையான 30 நாள் மே 20-இல், விடுமுறைக்குள் முடிகிறது. ஜூனில் திறந்ததும் போய் நின்றால் ஏற்க மாட்டார்கள். விடுமுறைச் சலுகை மூன்று மாதத்துக்குத்தான், கூடுதல் 30 நாளுக்கு இல்லை என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. இந்த நிலை கடுமையானது, சிறு வியாபாரிகளைத்தான் அதிகம் அடிக்கும். ஆனாலும் இன்றைய சட்டம் அதுதான். மூன்று மாதமும் 30 நாளும் தாண்டினால் உடம்பு சரியில்லை, வக்கீல் மறந்துவிட்டார் என்ற எந்தக் காரணமும் எடுபடாது.

எந்தப் பிரதியிலிருந்து எண்ணுவது என்பதில் ஒரு பிடி இருக்கிறது. வக்கீலிடம் கொடுத்தது தரப்பிடம் கொடுத்ததாகாது என்று 2012-இல் தீர்ப்பு உண்டு. மின்னஞ்சலில் பிடிஎஃப் வந்திருந்தால்? அதைப் பற்றி வாதாடும் நிலைக்கே போகாதீர்கள். எது முதலில் வந்ததோ அந்தத் தேதியிலிருந்து எண்ணி மனுவைப் போட்டுவிடுங்கள். அவார்டில் எழுத்துப் பிழை, கூட்டல் பிழை இருந்தால் 30 நாளுக்குள் நடுவரிடமே பிரிவு 33-இல் திருத்தக் கேட்கலாம். அப்போது மூன்று மாதம், அந்த மனு முடிந்த நாளிலிருந்து ஓடும்.

கேள்வி: அவார்டில் தொகை அதிகம் என்று தோன்றுகிறது. கோர்ட்டு குறைக்குமா?

சாட்சியத்தை மறுபடி எடைபோட்டுக் குறைக்காது. முழுவதும் ரத்து அல்லது முழுவதும் நிற்கும் என்பதே நெடுநாள் நிலை. 2025 ஏப்ரல் 30-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, நான்குக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில், கொஞ்சம் இடம் கொடுத்தது: பிரித்தெடுக்கக்கூடிய பகுதியை மட்டும் நீக்கலாம், வெளிப்படையான எழுத்து, கணக்குப் பிழையைத் திருத்தலாம், அவார்டுக்குப் பிந்தைய வட்டியைச் சில சூழ்நிலைகளில் மாற்றலாம். “நடுவர் என் பில்லை நம்பவில்லை” என்பது அதில் வராது. நோட்டீஸ் வரவில்லை, சொல்ல வாய்ப்பு தரவில்லை, ஒப்பந்தத்தில் இல்லாததை முடிவு செய்தார், ஆதாரமே இல்லாமல் எழுதினார் என்பதுபோன்ற காரணங்கள்தான் நிற்கும்.

கேள்வி: நடுவர் வழக்கு சென்னையில் நடந்தது. எதிராளியின் சொத்து சிதம்பரத்தில். சென்னைக் கோர்ட்டிலிருந்து மாற்றி வாங்க வேண்டுமா?

வேண்டாம். சொத்து எங்கே இருக்கிறதோ அந்தக் கோர்ட்டிலேயே நேராக இ.பி. போடலாம் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிதம்பரம் சொத்துக்குக் கடலூர் மாவட்டத்தில் அதிகாரமுள்ள கோர்ட்டு. ஆனால் அவார்டை எதிர்க்கிறவர் நடுவர் மன்றத்தின் ‘சீட்’, அதாவது சட்டப்படி அதன் இருப்பிடம், இருந்த சென்னைக்குத்தான் போக வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு கடலூரில் எதிர்ப்பு மனு போட்டு, திரும்பி வருவதற்குள் கெடுவைத் தொலைத்தவர்கள் உண்டு.

இன்னொன்றையும் பாருங்கள்: அவார்டு யார் பேரில்? தனி உரிமையாளர் கடை என்றால் அவருடைய சொந்தச் சொத்தையும் தொடலாம். பங்காளிகள் சேர்ந்து நடத்தும் கூட்டு நிறுவனம் என்றால் நிறுவனச் சொத்தும், நோட்டீஸ் சார்வாகி, அதாவது முறைப்படி கையில் சேர்ந்து, வழக்கில் பங்காளியாகச் சேர்க்கப்பட்டவரின் சொத்தும். பிரைவேட் லிமிடெட் என்றால் இயக்குநரின் வீட்டுக்குப் போக முடியாது, அவர் தனிப்பட்ட ஜாமீன் கையெழுத்துப் போட்டு, அவர் பேரிலும் அவார்டு இருந்தாலொழிய.

கேள்வி: நெய்வேலியில் லாரி ஓட்டுகிறோம். கடன் கொடுத்த நிதி நிறுவனம் சென்னையில் நடுவரை வைத்து எங்களுக்குத் தெரியாமலே அவார்டு வாங்கியிருக்கிறது. இப்போது ஜப்தி நோட்டீஸ் வந்திருக்கிறது. ஒன்றும் புரியவில்லை.

நோட்டீசில் போட்டிருக்கும் தேதியில் கட்டாயம் ஆஜராகுங்கள். வராவிட்டால் ஒருதலைப்பட்சமாக ஜப்தி உத்தரவாகும், பிறகு அமீனா வாசலில் நிற்கும்போது பேச நேரம் இருக்காது.

வக்காலத்து போட்டதும் கோர்ட்டுக் கோப்பிலிருந்து அவார்டின் நகலும் தபால் சான்றுகளும் எடுங்கள். மூன்று விஷயத்தைப் பாருங்கள். ஒன்று, நடுவரை நியமித்தது யார்? கடன் ஒப்பந்தத்தில் “எங்கள் நிறுவனம் நியமிக்கும் நடுவர்” என்று அச்சிட்டு, அவர்களே தனியாக ஒருவரைப் போட்டிருந்தால், 2015 திருத்தமும் 2019-இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் அதை ஏற்பதில்லை. தகராறு வந்த பிறகு எழுத்துமூலம் நீங்களே ஒப்புக்கொண்டிருந்தால் மட்டும் விதிவிலக்கு. இரண்டு, உங்களுக்கு எந்த முகவரிக்கு அனுப்பினார்கள்? வீடு மாறியதை நிதி நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்தீர்களா என்பது இங்கே முக்கியம். தெரிவிக்கவில்லையென்றால், கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு அனுப்பியதே போதும் என்று வாதாடுவார்கள். மூன்று, அவார்டின் கையெழுத்திட்ட பிரதி உண்மையில் எப்போது வந்தது. வரவே இல்லை என்றால், எதிர்ப்பு மனுக் கெடு இன்னும் ஓடத் தொடங்கவில்லை என்று சொல்ல இடமுண்டு. உடனே சென்னையில் பிரிவு 34 மனுவும் தடை மனுவும் போடுங்கள்.

நிறைவேற்றும் கோர்ட்டிலும், இந்த அவார்டு செல்லாதது என்று ஆட்சேபம் எழுப்பலாம். பிரிவு 34 மனு போடாவிட்டாலும், அவார்டு சட்டப்படி சூனியம் என்றால் அதை இ.பி.யில் சொல்லலாம் என்று 2025-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வாசல் குறுகியது. கடன் தொகை தப்பு, வட்டி அதிகம் என்பதெல்லாம் அதில் நுழையாது.

கணக்கையும் கேளுங்கள். லாரியை எடுத்துப்போய் விற்றிருந்தால், விற்ற விலை கடனில் கழிந்திருக்கிறதா? கழியாத கணக்கில் வாங்கிய அவார்டுகள் வருகின்றன. சமரசம் பேசினாலும் அந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

கேள்வி: சேதராப்பட்டில் சிறு தொழிற்சாலை. குறு, சிறு தொழில் வசதி மன்றம் எங்களுக்கு 24 லட்சம் அவார்டு கொடுத்தது. வாங்கிய பெரிய நிறுவனம் எதிர்க்கப்போகிறதாம்.

உங்களுக்குத்தான் பலமான பிடி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் பிரிவு 19-இன்படி, அவார்டுத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்டாமல் அவர்களுடைய எதிர்ப்பு மனுவை விசாரிக்கவே முடியாது. உங்கள் கணக்கில் 18 லட்சம். இது கட்டாயம் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. தவணையில் கட்ட அனுமதி கேட்கலாம், அதற்கு மேல் தளர்வு இல்லை. கட்டியதும் அதில் ஒரு பங்கை உங்களுக்குக் கொடுக்கும்படி மனுப் போடுங்கள். அதே பிரிவு அதற்கு வழி விடுகிறது.

வட்டியைக் கவனியுங்கள். ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டின் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. பேங்க் ரேட் 6 சதவீதம் என்றால் 18 சதவீதம். ரேட் மாறிய ஒவ்வொரு தேதிக்கும் கணக்கைப் பிரித்து எழுத வேண்டும். ஒரே ரேட்டை முழுக் காலத்துக்கும் போட்டால் எதிராளிக்கு ஆட்சேபம் சொல்ல இடம் கொடுத்துவிடுவீர்கள்.

உங்கள் அவார்டில் இரண்டு பலவீனம் இருக்கிறதா என்று பாருங்கள். சரக்குக் கொடுத்த தேதிக்கு முன்பே நீங்கள் அந்தச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருந்தீர்களா? சமரசம் முறிந்ததும் சாட்சியம், எதிருரை எதுவும் வாங்காமல் மன்றம் நேராகப் பணம் கட்டச் சொல்லிவிட்டதா? அப்படி வந்த உத்தரவு அவார்டே அல்ல என்று 2021-இல் தீர்ப்பு உண்டு. இன்னும் வழக்கு நிலுவையில் உள்ளவர்கள், நடுவர் கட்டம் தனியாகத் தொடங்கியதாகக் குறிப்பில் பதியும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பண்ருட்டியில் முந்திரி ஆலை. பச்சைக் கொட்டை விற்ற சிங்கப்பூர் வியாபாரி அங்கேயே அவார்டு வாங்கிவிட்டார். வெளிநாட்டுத் தீர்ப்பு இங்கே செல்லாது என்று விட்டுவிடலாமா?

கூடாது. ஒரு நாட்டு அவார்டை இன்னொரு நாடு ஏற்க வழிசெய்யும் நியூயார்க் உடன்படிக்கையின்கீழ் சிங்கப்பூர் அவார்டு இங்கே செல்லும். அவர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பிரிவு 47-இல் மனுப் போடுவார். அசல் அவார்டு, ஒப்பந்தம், வெளிநாட்டு அவார்டு என்பதற்கான சான்று இவை போதும். அவருக்குக் கெடு மூன்று ஆண்டு. நீங்கள் பிரிவு 48-இல் உள்ள சில காரணங்களை மட்டுமே சொல்ல முடியும். அவார்டையே ரத்து செய்யக் கேட்க வேண்டிய இடம் சிங்கப்பூர் கோர்ட்டு, அங்கேயும் மூன்று மாதம்தான். கொட்டையின் ஈரப்பதம், உடைசல் பற்றிய தகராறை அங்கே நடுவர் முன்னாலேயே ஆய்வறிக்கையோடு சொல்லியிருக்க வேண்டும்.

கேள்வி: கடலூர் முதுநகரிலிருந்து இறால் ஏற்றுமதி. அமெரிக்க இறக்குமதியாளருக்கு எதிராக நியூயார்க்கில் எங்களுக்குச் சாதகமாக அவார்டு. அவர் சொத்து முழுவதும் அங்கேதான்.

கன்ஃபர்ம் செய்வது உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான். அமெரிக்காவின் 1925-ஆம் ஆண்டு நடுவர் சட்டப்படி, கோர்ட்டில் உறுதிப்படுத்தும் மனுப் போட்டு அதை ஜட்ஜ்மென்ட் ஆக்கிய பிறகே வசூலுக்குப் போக முடியும். உள்நாட்டு அவார்டுக்கு ஓராண்டு, நியூயார்க் உடன்படிக்கையில் வருவதற்கு மூன்றாண்டு. உங்களுடையது இரண்டாவது வகையில் வரும், ஆனாலும் ஓராண்டுக்குள் போட்டுவிடுவதே நல்லது. எந்தக் கெடு என்ற வாதத்துக்கே இடம் இருக்காது. எதிராளி ரத்துக் கேட்பதென்றால் மூன்று மாதத்துக்குள் நோட்டீஸ் சார்வு செய்திருக்க வேண்டும். அந்தத் தேதி போயிற்றா என்று உங்கள் அங்குள்ள வக்கீலிடம் முதலில் கேளுங்கள்.

மனுவோடு ஒப்பந்தம், அவார்டு, நடுவர் நியமன ஆவணம், கெடு நீட்டித்த உத்தரவுகள் இருந்தால் அவையும் போக வேண்டும். இனி போடும் ஒப்பந்தங்களில், அவார்டின் மீது கோர்ட்டு ஜட்ஜ்மென்ட் பதியலாம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் வரியைச் சேர்த்துவிடுங்கள். அந்தச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு அதை எதிர்பார்க்கிறது.

சென்னையை சீட்டாக வைத்து இங்கே அவார்டு வாங்கினாலும் அதை அங்கே கொண்டுபோகலாம். இங்குள்ள கோர்ட்டு டிக்ரியை அப்படி எளிதாகக் கொண்டுபோக முடியாது, அமெரிக்காவோடு அதற்கான பரஸ்பர ஏற்பாடு கிடையாது. அதனால் ஏற்றுமதியாளர்கள் ஆர்டர் எடுக்கும்போதே, “தகராறு கடலூர் கோர்ட்டில்” என்று எழுதுவதைவிட நடுவர் ஷரத்தைப் போடுவது மேல். அதில் சீட் எந்த ஊர், நடுவர் ஒருவரா மூவரா, யார் நியமிப்பது, நோட்டீஸ் எந்த மின்னஞ்சல், எந்த அஞ்சல் முகவரிக்கு என்ற நான்கும் எழுதியிருக்க வேண்டும்.